பேச்சுப்பட்ட படலம்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மரவள்ளி மாவில் வார்த்த படலம் ஒன்றைத் தட்டிலிருந்து உரித்தது. இடுக்கியால் அவர் ஒரு முனை, நான் மறுமுனை. உரித்து முடியும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஊரான சாவ் கார்லோஸின் பல்கலைக்கழகத்தில் இதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

அப்பா அதெமார் பிரகாட்டோ, அங்கே முப்பத்தோரு வருடம் ஆய்வுக்கூட உதவியாளர். மாவு, லித்தியம் உப்பு, கிளிசரின் மூன்றையும் காய்ச்சி, பேட்டரிக்குள் வைக்கும் படலம் செய்வார். புது மாணவர்களிடம் சொல்வார்: "அயனி தானா ஓடாது தம்பி. மாவோட மூலக்கூறுச் சங்கிலி நெளியணும். கார்னிவல் கூட்டத்துல இடிச்சுக்கிட்டா போவே? அவங்க ஆடுறப்போ இடம் கிடைக்கும், அதுல நழுவணும்." சொல்லிவிட்டு ஆடியும் காட்டுவார்.

மார்ச்சில் அவர் அளந்த படலம், மற்றவர்களுடையதைவிட எட்டு மடங்கு மின்சாரம் கடத்தியது. மூன்று பேர் செய்து பார்த்தார்கள்; யாருக்கும் அந்த எண் வரவில்லை. அப்பா இட்டுக்கட்டிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. அவர் சிரித்துக்கொண்டுதான் திரிந்தார். ஆனால் வீட்டில் சாப்பிடும்போது, வழக்கம்போல் பீன்ஸை இரண்டாம் முறை தட்டில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் வேதிப் பொறியாளர். ஒரு சனிக்கிழமை போய், அவர் அளப்பதைப் பார்த்தேன். மற்றவர்கள் முகமூடி போடுவார்கள். அப்பாவுக்கு அது பேச இடைஞ்சல். படலத்தின்மேல் குனிந்து, முந்தின நாள் பந்தாட்டம் முழுவதையும் சொன்னார்.

"அப்பா, உங்க பேச்சுதான் காரணம்."

"என்னடி சொல்றே?"

"மூச்சோட ஈரம் ஏறுது. சங்கிலி இளகுது, அயனி ஓடுது."

"அப்போ என் பேச்சுல கரண்ட் இருக்குன்னு சொல்லு!"

"வாயை மூடிக்கிட்டு ஒருவாட்டி அளங்க."

"உங்கம்மாவே கேட்டு அலுத்துப்போன காரியம்டி அது."

உலர் அடுப்பில் இன்னொரு படலம் இருந்தது. முதலில் சொன்னேனே, அதை உரித்தோம். பேசாமலே அளந்தார். எல்லோருக்கும் வந்த அதே எண். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"நான் பொய் எழுதலடி. உளறியிருக்கேன், அவ்வளவுதான்!"

அன்றே பேராசிரியர் இவோனியிடம் சொன்னார். கூடமே சிரித்தது. இனி ஒருத்திதான் பாக்கி: கம்பீனாஸ் நகரில் ஜுசாரா என்ற மாணவி, அப்பாவின் எண்ணை நம்பித் தன் ஆய்வைத் தொடங்கியிருந்தாள்.

"போன் பண்ணுங்களேன் அதெமார்," என்றார் இவோனி.

"போன்ல சொன்னா சாக்குன்னு நினைப்பா டாக்டர். செவ்வாக்கிழமை பஸ் ஏறிப் போய், அவ முன்னாடியே அளந்து காட்டுறேன். பேசாம."

திங்கள் காலை, காபி போடும்போது அவருடைய இதயம் நின்றது.

ஜுசாராவுக்காக அவர் வெட்டிய இரண்டு படலத் துண்டுகள் உலர்ஜாடியில் இருக்கின்றன. அந்த எண் எப்படி வந்தது என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.