சம்பந்தி வீட்டுச் சோறு

எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு வருத்தம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி டாக்டர் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். சோறு, களி, இட்லி எல்லாவற்றையும் நன்றாகக் குறைக்கச் சொன்னார். பதிலுக்கு முட்டை, கோழி, மீன் சாப்பிடலாம் என்றார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கறி வாசனை ஆகாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் குழம்பு கொதித்தால் மோர்ச்சோற்றுத் தட்டோடு வாசலுக்குப் போய்விடும் ஆள் நான். அதைச் சொன்னதும், "அப்போ கொஞ்சம் கஷ்டம்தான்" என்று சிரித்தார்.

கஷ்டம் என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு வீம்பு வந்துவிடும். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை திறப்பதற்குள் எனக்கென்று தனியாக ஒன்று சமைத்துவிடுவேன். முட்டைக்கோஸைப் பொடியாகத் துருவி, கடுகு தாளித்து, தேங்காய் போட்டு வதக்கினால் உப்புமாவுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒன்று வரும். மறுநாள் பனீரை உதிர்த்து வெங்காயம், மிளகோடு பிரட்டுவேன். காலிஃபிளவரைத் துருவி எலுமிச்சை பிழிவேன். கோவைக்காய்க்கு நிலக்கடலைப் பொடி, முருங்கைக்கீரைக்கு எள்ளுப் பொடி. அவரைக்காய் வரும் காலத்தில் ஒரு கிண்ணம் நிறைய பொரியலும் கெட்டித் தயிரும் இருந்தால் எனக்கு யாரும் வேண்டாம். ஒன்றையே திரும்பத் திரும்பத் தின்றால் என் கால் தானாகப் பரோட்டாக் கடைக்குப் போய்விடும், அதனால் மாற்றிக்கொண்டே இருப்பேன்.

இவ்வளவு சாமர்த்தியத்தையும் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் தின்றேன். யாராவது எட்டிப் பார்த்து, "என்னக்கா, சோத்தையே காணோம்?" என்று கேட்டால், "உடம்பு எளைக்கத்தான்" என்பேன். குண்டு என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. சீக்கு என்று சொல்லிக்கொள்ளத்தான் நாக்கு எழவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் என் வீட்டுக்காரர், அம்மா, தம்பி மூன்று பேர்தான்.

தம்பி ஏரியூர்ப் பக்கம் அம்மாவோடு இருந்துகொண்டு விவசாயம் பார்க்கிறான். தக்காளி, கேழ்வரகு, நான்கு மாடு. விவசாயிக்குப் பெண் கொடுக்க இந்தக் காலத்தில் யாரும் முன்வருவதில்லை. வந்த ஜாதகமெல்லாம் திரும்பிப் போய், அவன் தலையில் முன்பக்கம் முடியும் போய்க்கொண்டிருந்த நேரத்தில், பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்திலிருந்து ஓர் இடம் கூடி வந்தது. பெண்ணுக்கும் அவனைப் பிடித்திருந்தது.

எங்கள் பக்கம் பெண் வீட்டில் காப்பித்தண்ணி குடிப்பது வேறு, கை நனைப்பது வேறு. சம்மதம் இல்லாத வீட்டில் இலையில் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கை நனைக்கப் போகிற அன்று காரில் அம்மா என் பக்கம் திரும்பி, "அங்க வந்து சக்கரை, டயட்டுன்னு வாயத் தொறந்துடாத. பரம்பரை சீக்குன்னு நெனச்சு பொண்ணு குடுக்க மாட்டாங்க. ஒரு நாளைக்குத் தின்னா செத்துப் போயிட மாட்ட" என்றாள். முன் சீட்டிலிருந்த தம்பி திரும்பி என்னை ஒரு முறை பார்த்தான்.

இலை போட்டார்கள். பெண்ணின் அம்மா சோற்றை மலை மாதிரி வைத்து, ஓரத்தில் பாயசத்தையும் ஊற்றினார். தின்றுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கை பழக்கத்தில் பீன்ஸ் பொரியலுக்குப் போனது, பிறகு கூட்டுக்குப் போனது. பொரியலை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். சோறு வைத்தபடியே இருந்தது.

பெண்ணின் அம்மா அதைப் பார்த்துவிட்டார். போய்த் தன் வீட்டுக்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் என் இலைக்கு எதிரே வந்து நின்று, "என்னங்கம்மா, சோத்துல கையே வெக்கல? மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவங்க நீங்க. உங்களுக்கு மனசில்லீங்களா?" என்று கேட்டார். வரிசையில் எல்லோருடைய கையும் நின்றுவிட்டது. சமையலறை வாசலில் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

என் பக்கத்து இலையிலிருந்து தம்பி நிமிர்ந்து, "அதெல்லாம் இல்லீங்க. அக்காவுக்குச் சக்கரை இருக்குதுங்க. சோறு சாப்புடாது" என்றான். மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னான்.

அத்தனை பேர் நடுவில் சேலையைப் பிடித்து இழுத்துவிட்டது மாதிரி இருந்தது. சத்தமாகச் சிரித்தேன். "இவன் ஒருத்தன்! எனக்கேதுங்க சக்கரை? வர்ற வழியில பன்னு தின்னேன், வயிறு மந்தமா இருக்குது. இவனுக்கு என்னைக் கேலி பண்ணாம இருக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு, பாயசத்தை வழித்துக் குடித்தேன். சோற்றைக் குழம்பு விட்டுப் பிசைந்து வாய் நிறையத் தின்றேன். பாயசம் இன்னொரு கரண்டியும் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு மூச்சு வந்தது. தம்பி குனிந்து தன் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. என்னால்தான் நடந்தது என்று கொஞ்ச காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தம்பி பெண்டாட்டி நல்ல பிள்ளை. நான் போகும்போதெல்லாம் எனக்காகவே பாயசம் வைப்பாள். சம்பந்தி வீட்டில் இரண்டாவது கரண்டி கேட்டு வாங்கினவள் அல்லவா நான்! மறுக்க வழியில்லாமல் தின்றுவிட்டு, ஏறின சர்க்கரை இறங்கட்டும் என்று மாட்டுக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். "அண்ணிக்கு மாடுன்னா உசுரு" என்று அவள் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். நான் சாப்பிட உட்காரும் நேரத்தில் தம்பிக்குத் தோட்டத்தில் ஏதாவது வேலை வந்துவிடும்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். மாசமாக இருந்தாள், ஐந்து மாதம் முடிந்திருந்தது. தம்பி தோட்டத்தில் இருந்தான், அம்மா யார் வீட்டுக்கோ போயிருந்தாள். எனக்குத் தட்டு வைத்தவள் சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்று அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் தண்ணி குடிக்க வைத்து ரத்தம் எடுத்தார்களாம். சர்க்கரை இருக்கிறதாம்.

"சோத்தக் கொறைக்கச் சொல்றாங்க அண்ணி. சோறில்லாம என்னத்தத் திங்கறது?" என்று கேட்டவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அது கூடப் பரவால்லீங்க. இந்த வூட்ல யாருக்கும் இல்லாத சீக்கு, எங்கம்மா வூட்லருந்துதான் வந்திருக்குன்னு அத்த சொல்றாங்க. எங்கம்மாவுக்கும் இல்லீங்க, அப்பாவுக்கும் இல்லீங்க. நான்தான் இந்த வூட்டுக்குக் கொண்டாந்துட்டேன்" என்றாள்.

எங்கள் அம்மாவா இதைச் சொன்னாள் என்று கோபப்பட எனக்கு வாய் இல்லை. நான் சொன்ன பொய்யைத்தான் அவள் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். முட்டைக்கோஸ், கோவைக்காய், பனீர் என்று அந்தப் பிள்ளை கேட்டதற்கெல்லாம் பதில் என்னிடம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். தட்டைத் தள்ளி வைத்தேன்.

"எனக்கு இருக்குது கண்ணு. உன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இருக்குது. நீ கொண்டாரல" என்றேன். டாக்டரைக் கேட்டுக்கொண்டு உனக்குத் தினம் ஒரு தினுசாக நானே சமைக்கச் சொல்லித் தருகிறேன் என்று வேறு ஏதேதோ பேசிக்கொண்டே போனேன். அவள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை.

"அப்போ அன்னிக்கு அவரு சொன்னது நெசமா?" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

"கூடப்பொறந்தவளையே சபையில வெச்சு இப்புடிக் கேலி பண்றவன் உன்ன என்ன பாடு படுத்துவானோன்னு எங்கப்பா அன்னிக்கே பயந்தாருங்க. நானும் அவரு என்ன சொன்னாலும் பாதிதான் நம்புவேன். பொய்க்காரன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன் அண்ணி. அதுக்கும் சிரிச்சுக்கிட்டுப் போயிடுவாரு."

அந்த நேரத்தில் தம்பி வந்தான். வாசல் தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்தவனிடம் அவள் போய் நின்றாள். "ஏங்க, அண்ணி சொல்லிட்டாங்க. ஒரு வாட்டியாவது எங்கிட்ட நெசம்னு சொல்லக் கூடாதா?"

அவன் உள்ளே என் தட்டைப் பார்த்தான், பிறகு தண்ணீரை அள்ளி இன்னொரு காலில் ஊற்றினான்.

"அக்கா இல்லைன்னு சொல்லிருச்சு. அதுக்கப்புறம் நான் எப்புடிச் சொல்றது?" என்றான்.