மாந்தோப்பில் காபி

ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. கொள்ளுத்தாத்தா வைத்தது. தாத்தா அதில் கிணறு வெட்டினார். தன் பங்குக்கு எதுவும் செய்யவில்லையே என்ற குறை நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, உள்ளூர இருந்திருக்க வேண்டும். ஏற்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், திரும்பும்போது கோணிப்பை நிறையக் காபிக் கன்றுகளோடு பஸ்ஸை விட்டு இறங்கினார்.

"காபிக்கு நெழல் வேணுமாம். நம்ம தோப்புல நெழலுக்கு இன்னா கொறச்சல்?" என்றார்.

நிழல் இருந்தது, குளிர்ச்சிக்கு எங்கே போவது? சித்திரை வெயிலில் கன்றுகள் சுருண்டதும், அம்மாவின் பழைய புடவைகளை நனைத்துப் பந்தல் கட்டினார். "எனக்கு ஒரு ஏர்கூலர் வாங்க மனசு வரல, செடிக்கு குளுகுளுன்னு பண்ணிகினு கீறாரு" என்று அம்மா சென்னையில் இருந்த என்னிடம் போனில் முறையிடுவாள்.

முக்கால்வாசி காய்ந்துபோயின. கிணற்றோரம் இருந்தவை மட்டும் பிழைத்து, சில வருடத்தில் காய்த்தும்விட்டன. பறித்து, உலர்த்தி, தோல் நீக்கியதில் ஒரு சின்னத் தூக்கு நிறையக் கொட்டை தேறியது. ஆடிக் கிருத்திகைக்கு வரும் சொந்தக்காரர்களுக்கென்று நைனா அதைப் பத்திரப்படுத்தினார்.

அன்றைக்கு நானும் ரயிலேறிப் போய்ச் சேர்ந்தேன். காவடி செலுத்திவிட்டு வந்தவர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். சமையலறையில் அம்மா கொட்டையை வறுத்து, மிக்ஸியில் அரைத்து, டிகாஷன் இறக்கி, ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். உடனே தொட்டியில் துப்பினாள். நானும் கொஞ்சம் நாக்கில் விட்டுப் பார்த்தேன். கோணியைக் கொளுத்தி ஊறவைத்த மாதிரி இருந்தது.

"இத்த குடுத்தா அவரு மானம் பூடும். நீ வாயத் தொறக்காத" என்று சொல்லி, கடைப் பொடி பாக்கெட்டைப் பிரித்தாள்.

கூடத்தில் ஒரே பாராட்டு. எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாதவர் சித்தூர்க்காரரான பாவா, என் அக்கா வீட்டுக்காரர். அவரே இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினார். "மாமா, கடையில விக்கிற பொடியெல்லாம் இதுங்கிட்ட நிக்காது" என்றார்.

நைனா எழுந்து நின்றார். "முடிவு பண்ட்டேன். வர்ற தை மாசம் பாதி மாமரத்த வெட்டிட்டு, அந்த எடம் பூரா காபிதான்."

மரம் வெட்ட ஆள் கூட்டிவருவதாகப் பாவா அப்போதே வாக்குக் கொடுத்தார். அம்மா டம்ளர் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

மறுநாள் காலை நைனாவுக்கு மட்டும் தனியாக ஒரு காபி வந்தது. ஒரு மிடறு குடித்தவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"பால் திரிஞ்சி போச்சா?"

"பால் நல்லாதாங்க கீது. பொடிதான் உங்க தோட்டத்துது. நேத்து எல்லாரும் குடிச்சது கடைப் பொடி."

நைனா டம்ளரைத் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். ஒவ்வொரு மிடறுக்கும் கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்துத் தீர்த்தார். பிறகு பாவாவுக்குப் போன் போட்டார்.

"ஆளு வேணாம் மாப்ள. மரத்த வெட்டக் கூடாதுன்னு உங்க அத்த ஒரே பிடிவாதம்."

"ஆங், என் தலையிலயே போடுங்க" என்று அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

அருமையான காபித் தோட்டத்தைக் கெடுத்துவிட்டாள் என்று பாவா இன்றைக்கும் அம்மாவைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.