தகரக்கோயில் தோட்டம், பி 07 சி

மாலை ஆறு இருபதுக்குச் செம்பனை வரிசைக்குள்ளிருந்து ஒரு காட்டுப்பன்றி பாய்ந்தது. நான் ஸ்டீரிங்கை ஒடித்தேன். கார் மண்பாதையை விட்டுக் கால்வாயில் சரிந்தது. என் மகள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு மரத்தில் மோதி நின்றது.

பாகான் டத்தோவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு சிம்பாங் பூலாய்க்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பெரிய சாலையில் நெரிசல். நான் பிறந்த தோட்டம் வழியில்தான் இருந்தது. அதற்குள் புகுந்து மறுபக்கம் ஏறிவிடலாம் என்று திருப்பினேன். எனக்குத் தெரிந்ததோ ரப்பர் பால்மரக் காலத்துப் பாதை. இப்போது அங்கே பேருக்கு ஒரு பால்மரம்கூட இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி செம்பனை.

அவளுடைய இடது கால் டாஷ்போர்டுக்கு அடியில் சிக்கியிருந்தது. தொடையிலிருந்து ரத்தம் வந்துகொண்டே இருந்தது. துப்பட்டாவை மடித்து வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்திருந்தேன். இணையம் இல்லை, இருக்கும் இடத்தை அனுப்ப வழியில்லை. பேச்சு மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. அவசர எண்ணில் பேசிய மலாய்க்காரர் நிதானமாகச் சொன்னார்: அழுத்துவதை விடாதீர்கள், பெண்ணைத் தூங்க விடாதீர்கள், பேச வைத்துக்கொண்டே இருங்கள். பிறகு, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

என் பிறப்புப் பத்திரத்தில் இருந்த ஆங்கிலப் பெயரைச் சொன்னேன். அப்படி ஒரு தோட்டம் வரைபடத்தில் இல்லை என்றார். தோட்டம் எத்தனையோ கை மாறிவிட்டது. நுழையும்போது பலகையில் என்ன எழுதியிருந்தது என்று நான் பார்க்கவில்லை. எதிரே ஒரு வெள்ளைக் கம்பம் நின்றது. அதில் சிவப்பில் பி 07 சி. அதைச் சொன்னேன். "புவான், அது முகவரி இல்லையே" என்று மரியாதை குறையாமல் சொன்னார். அவர் சொன்னது சரிதான். சுற்றிலும் உள்ள ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பி 07 சி இருக்கும்.

என் மகளுக்கு இருபது வயது. விமானப் பராமரிப்பு படிக்கிறாள். பள்ளி நாளிலிருந்தே போர் விமானங்களின் எண்ணும் எழுத்தும்தான் அவளுக்குப் பேச்சு. சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னதெல்லாம் அரைகுறையாக என் காதில் கிடந்தது. அதைத்தான் எடுத்தேன்.

"பாப்பா, அந்தக் கம்பத்துல பி-ன்னு போட்டிருக்கு பாரு. உன் விமானத்துல பி-ன்னா என்ன?"

"பேட்ரோல். கடல் மேல காவல் சுத்துறது."

"இங்க பி-ன்னா 'பிளான்டட்', நட்டது. ரெண்டாயிரத்து ஏழுல நட்டது. சி மூணாவது துண்டு."

"அதே மாதிரிதாம்மா. மொத எழுத்து அது என்ன வேலைக்குன்னு சொல்லும். நம்பரு வரிசை. கடைசி எழுத்து, அதே விமானத்துல எத்தனாவது மாத்தம்னு."

குரல் தேய்ந்தது. கண் மூடியது. சரியாகக் கேட்டால் தூங்கிவிடுவாள், தப்பாகச் சொன்னால்தான் விழிப்பாள் என்று தோன்றியது.

"கே-ன்னா கார்கோதானே?"

"அம்மா! கார்கோ சி. கே டேங்கரு. பறந்துகிட்டே மத்ததுக்கு எண்ணெ ஊத்தும். எத்தன வாட்டி சொல்றது லா!"

அந்தக் கோபத்தில் எனக்கு மூச்சு வந்தது.

"எஃப் பன்னெண்டுக்கு அப்புறம் எஃப் பதிமூணு. சரியா?"

"பதிமூணு கெடையாது. நேரா பதினாலு. பதிமூணு ஆகாதுன்னு பயமாம், அப்படித்தான் சொல்றாங்க."

"குண்டு போடுறவனுக்கே பயமா?"

சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, "வலிக்குதும்மா" என்றாள். நான் இன்னும் அழுத்தினேன். இதை எழுதும்போதும் என் கைகள் அழுத்திக்கொண்டேதான் இருக்கின்றன.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. துப்பட்டா முழுதும் ஊறிவிட்டது.

"எஃப்-ன்னா ஹெலிகாப்டருதானே பாப்பா?"

"ம்."

அவள் வாயில் வரவே முடியாத பதில் அது. எஃப் என்றால் சண்டை விமானம் என்று ஆறு வயதிலேயே சொன்னவள். அவள் காதுக்குள் கத்தினேன். "பேரு சொல்லு! எஃப் பதினாறுக்குப் பேரு என்ன? சொல்லுடி!"

"எந்தப் பேரு..." நாக்கு குழறியது. "மேலிடத்துல ஃபால்கன்னு வச்சாங்க... ஓட்டுறவங்க வைப்பர்னுதான் கூப்பிடுவாங்க... ரஷ்யா விமானத்துக்கு எதிரி ஒரு பேரு வைப்பான்... ஆனா அதுல கெடக்குறவங்க கூப்பிடுறதுதாம்மா..." முடிக்கவில்லை.

அதில் கிடந்தவர்கள். பத்திரத்தில் இருந்தது முதல் கம்பெனி வைத்த பெயர். வாசல் பலகையில் இருப்பது இன்றைய கம்பெனியின் பெயர். அங்கே பால் வெட்டிய நாங்கள் அதை எப்படிக் கூப்பிட்டோம்?

"தகரக்கோயில் தோட்டம்!" என்று போனைப் பார்த்து அலறினேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். அவர் அதைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி யாரிடமோ கேட்டார். பிறகு ஒரு பெண் குரல், தமிழில்:

"அக்கா, தகரக்கோயிலா? கோயிலுக்கு முன்னால பெரிய தண்ணி டாங்கி இருக்குமே, அதுவா?"

"அதேதாம்மா! அதேதான்!"

"எங்க சித்தப்பா இன்னும் அந்தத் தோட்டத்து லய வீட்டுலதான் இருக்காரு. ஏழு சி தானே? பொம்பா, தீயணைப்பு வண்டி கிளம்பிருச்சு, அவரை முன்னால வந்து வழி காட்டச் சொல்றேன். போன வச்சிராதீங்க."

ஆனால் போன்தான் அணைந்துவிட்டது. சார்ஜ் இல்லை.

அதன் பிறகு அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. மூச்சு மட்டும் என் கன்னத்தில் பட்டது. நான் நிறுத்தவில்லை. டி-ன்னா குண்டு போடுறது. சி-ன்னா சண்டை. கே-ன்னா ஹெலிகாப்டரு. எனக்குத் தெரிந்த எழுத்தையெல்லாம் தப்புத் தப்பாக, தொண்டை கிழிய, அந்த மரங்களைப் பார்த்துக் கத்தினேன். திருத்த ஆள் இல்லை.

மோட்டார்சைக்கிள் சத்தம் முதலில் கேட்டது. கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் டார்ச்சோடு கால்வாய்க்குள் குதித்தார். அவருக்குப் பின்னால், செம்பனைகளுக்கு நடுவே, தீயணைப்பு வண்டியின் சிவப்பு விளக்கு சுழன்று வந்தது.

"கே-ன்னா ஹெலிகாப்டருன்னு கத்துனது நீதானா தங்கச்சி? அதக் கேட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்புனேன்" என்றார். டார்ச்சை என் மகளின் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்க் குனிந்து காது கொடுத்தார்.

"உதடு அசையுது தங்கச்சி. 'தப்பு, தப்பு'ங்குது பாப்பா."