சம்பந்தம் கழற்றிய ஷாஃப்ட்

சென்னையை ஒட்டிய கீழ்க்கட்டளையில் தண்ணீர் லாரி ஓட்டியவர் சம்பந்தம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுற்றுப்பட்டுக் காலனிகளில் கிணறுகள் வற்றிப்போக, அவ்வூர் நிலக்காரர் ஏகநாதன் தன் வயல் கிணற்றுத் தண்ணீரை விற்க ஆரம்பித்தார். நெல்லைவிட அதில் வரும்படி அதிகம். லாரியும் அவருடையதுதான்.

லாரியின் அடியில் ஒரு ஷாஃப்ட் உண்டு. எஞ்சினின் சுழற்சியை கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து பம்புக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு. இரு முனைகளிலும் சிலுவை மாதிரி ஜாயிண்ட் இருப்பதால், வண்டி எப்படிக் குலுங்கினாலும் அது மடங்கிக் கொடுத்துச் சுற்றும். அது சுற்றினால்தான் பம்பு தண்ணீர் இழுக்கும். சம்பந்தம் தவறாமல் அதற்கு கிரீஸ் வைப்பார்.

ஒரு கோடையில் பம்பு உடைந்தது. மறுநாள் வேறொரு பம்பு மாட்டியிருந்தது. கிரீஸ் வைக்கக் குனிந்தவரின் மூக்கில் மல நாற்றம் ஏறியது. பம்பின் இடுக்கெல்லாம் கறுப்பாய்க் காய்ந்திருந்தது. ஏகநாதனின் இன்னொரு வண்டியில் கழிவுநீர் இறைத்துக்கொண்டிருந்த பம்பு அது.

"இன்னாண்ணா இது? பீத் தண்ணி இழுத்த பம்பாச்சே," என்றார் ஏகநாதனிடம்.

"கழுவியாச்சுப்பா. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கீது. வண்டிய எடு."

"ஜனம் குடிக்கிற தண்ணிண்ணா."

"நீயா குடிக்கப் போறே?"

சம்பந்தம் வண்டிக்கு அடியில் படுத்து, போல்ட்டுகளைக் கழற்றி, ஷாஃப்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு காலனிக்கு நடந்தார். காலனி நலச் சங்கச் செயலாளர் லோகநாயகி டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

டீச்சர் மூக்கைச் சுளித்தார். "சே, கேக்கவே அருவருப்பா இருக்கு. ஆனா வேற லாரி எங்க இருக்கு? நாங்க காய்ச்சித்தான் குடிக்கிறோம். இன்னிக்கு வண்டி வருமா, வராதா?"

குடத்தோடு நின்ற பெண்களும் அதையேதான் கேட்டார்கள். ஏகநாதன்மேல் இருந்த அருவருப்பு இவர்கள்மேலும் படர்ந்ததைச் சம்பந்தம் உணர்ந்தார். திரும்பிப் போய் ஷாஃப்டை ஏகநாதன் வீட்டு வாசலில் தொப்பென்று போட்டுவிட்டு வந்துவிட்டார்.

சாயங்காலமே வேறு டிரைவர் அதை மாட்டி வண்டியை எடுத்தான். காலனியில் குடங்கள் முண்டியடித்தன.

சம்பந்தம் திருநீர்மலைப் பக்கம் ஜல்லி லாரிக்குப் போனார். அதன்பின் யார் வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. கொடுத்த டம்ளரைத் தொடாமல் வைத்துவிடுவார். அவர் மனைவி பச்சையம்மாவுக்கு அது பெரிய அவமானம்.

"எங்கண்ணன் வூட்டுத் தண்ணிகூடவா ஆவாது உனக்கு?" என்று ஒருநாள் வெடித்தாள்.

"அவங்க எந்த லாரில புடிக்கிறாங்கன்னு கேளு," என்றார் சம்பந்தம்.

அவள் அண்ணனிடம் கேட்கவில்லை.