வீட்டுக்காரி பேர் வனிதா

அம்மாளின் பிள்ளைகளே, கோயில் ஆண்டு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி எங்கள் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் கேட்டார். நாலு வரிக்குள் அடங்குகிற சங்கதியா இது? போன வைகாசியில் நடந்தது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நான் நாகேஸ்வரி. பிறந்தது கரடியனாறு, வாழ்க்கைப்பட்டது பழுகாமம். என் கணவருக்கு நான் இரண்டாம் தாரம். முதல் மனைவி காய்ச்சலில் இறந்தபோது அவருக்கு எட்டு வயதில் ஒரு மகள் இருந்தாள். வனிதா. எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. நான் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பிய ஒரே பிள்ளை அவள்தான். சின்னம்மா, சின்னம்மா என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டே திரிந்தவள். அவள் மனத்தை முறித்தவளும் நான்தான். இதை மறைத்து என்ன செய்ய?

எங்கள் பக்கத்தில் தாயின் வீடு மகளுக்கு. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார்; பெற்றோர் பக்கத்தில் சின்னதாய் ஒன்று கட்டி ஒதுங்கிக்கொள்வார்கள். நாங்கள் இருந்தது வனிதாவின் அம்மாவின் வீடு. ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் பதினாலு வருசம் கூட்டிப் பெருக்கி, சுண்ணாம்பு அடித்து, மாமரம் நட்டு வளர்த்த வீட்டை விட்டு இறங்க மனம் வரவில்லை. கரடியனாற்று வீடு என் அக்காவுக்குப் போய்விட்டது. இவர் கண்ணை மூடினால் எனக்கு எந்தக் கூரை என்ற பயம்.

வனிதாவுக்குக் கல்யாணம் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த நான் எல்லோர் முன்னும் சொன்னேன்: "நான் உசிரோட இரிக்கும் மட்டும் இந்த வீட்டத் தரமாட்டன்." அவர்கள் தேத்தண்ணீரைத் தொடாமலே எழும்பிப் போனார்கள்.

வனிதா அழவும் இல்லை. மறுநாள் காலையில் ஒரு பையோடு வேலிக்கதவான படலையடியில் வந்து நின்றாள். "அம்மாட வீட்ட நீங்களே வச்சிரிங்க சின்னம்மா. நான் இனி இந்தப் படலைக்குள்ள வரமாட்டன்" என்றாள். மட்டக்களப்பில் இருந்த தன் பெரியம்மாவிடம் போய்விட்டாள்.

சொன்ன சொல்லில் நின்றாள். பதினேழு வருசம்! அவள் கல்யாணம் முடித்ததை ஊரார் சொல்லித்தான் அறிந்தேன். தகப்பனின் செத்தவீட்டுக்கு வந்தவள் படலைக்கு வெளியே நின்று அழுதுவிட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் போனாள். அதன் பிறகு வீட்டில் நான் தனி. பிடிவாதமாய்ப் பிடித்துவைத்த வீட்டில் பேச ஓராள் இல்லை. சில நாள் பிரசர் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு, இதைப் போட்டு யாருக்காக இருக்கப்போகிறேன் என்று அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

அம்மாளிடம் வேண்டாத நாளில்லை. ஆனால் என்ன வேண்டினேன் தெரியுமா? "தாயே, அவளுக்கு நல்ல புத்தியக் குடு." புத்தி யாருக்கு வேண்டும் என்று அம்மாளுக்குத் தெரியாதா! அம்மாள் அந்த வேண்டுதலைக் காதில் போடவே இல்லை.

கோயிலின் வைகாசிச் சடங்குத் திருவிழாவில் அம்மாள் ஊர்சுற்றி வரும்போது வீட்டுக்கு வீடு படலையில் நிறைகுடம் வைப்போம். மைக்கோடு கூடவரும் கோயில்காரர் வீட்டுக்காரியின் பேரையும் தாய்வழி வம்சமான குடியையும் கேட்டுப் பூசைக்குச் சொல்வார். இத்தனை வருசமும் நான் என் பேரைத்தான் கொடுத்தேன். போன வைகாசியில் அம்மாள் படலைக்கு வந்ததும் என்னால் தாங்க முடியவில்லை. "பிழை செய்தது நான் தாயே, அவளை ஒருமுறை கண்ணில் காட்டு" என்று உள்ளுக்குள் கதறினேன். அந்த நேரம் பார்த்து அவர் கேட்டார்: "வீட்டுக்காரி பேர்?"

"வனிதா" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "ஆரு அக்கா?"

"வனிதா. இது அவட வீடு. நான் பாத்துக்கொண்டிரிக்கிற. அவட அம்மாட குடியச் சொல்லுங்க."

நான் யோசித்துச் சொல்லவில்லை. சத்தியமாய், அம்மாள்தான் சொல்லவைத்தாள். ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது. அந்த ஊர்சுற்றை யாரோ பேஸ்புக்கில் நேரலையாகப் போட்டது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் போன் அடித்தது. கணவரின் பழைய நம்பரைத்தான் நான் பாவிக்கிறேன்.

"சின்னம்மா, என்ர பேர ஆரு குடுத்த?"

பதினேழு வருசத்துக்குப் பிறகு அந்தக் குரல்! "நான்தான் மகள்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் விசும்பல். "அந்த வீடியோவத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டன்" என்றாள்.

சடங்கின் கடைசி நாள், அம்மாளைக் குளிர்விக்கும் குளிர்த்தியன்று வந்தாள். புருசனும் பதின்மூன்று வயது மகளும் கூட. படலைக்கு வெளியே தயங்கி நின்றாள். என் மூட்டுவலி எங்கே போனதோ, ஓடிப்போய் வீட்டுச் சாவியை, நான் பிடித்துவைத்திருந்த அந்தத் திறப்பை, அவள் கையில் வைத்தேன். "உன்ர வீடு மகள். என்ன மன்னிச்சிக்க. நான் பின்னால ஒரு கொட்டில் போட்டுக்கிறன்."

வனிதா திறப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உடன மன்னிச்சிட்டன் எண்டு பொய் சொல்லமாட்டன் சின்னம்மா. கொஞ்சம் கொஞ்சமாப் பாப்பம்." திறப்பைத் திரும்ப என் கையில் வைத்தாள். "இத நீங்க வச்சிரிங்க. நான் வரக்குள்ள கதவத் திறக்க ஓராள் வேணுமே."

பிறகு படலைக்குள் வந்தாள். "தண்ணி தாங்க" என்றாள். ஒரு செம்புத் தண்ணீரையும் முழுவதாகக் குடித்தாள். அம்மாளே!

என் பங்கையும் விட்டு, வீட்டு உறுதிப் பத்திரத்தை அவள் பேரில் எழுதிவிட்டேன். ஞாயிறு தவறாமல் வருகிறார்கள். பேத்தி மாமரத்தை விட்டு இறங்குவதில்லை. இப்போதெல்லாம் குளிசையை நேரத்துக்குப் போடுகிறேன்.

உங்களோடும் பேசாமல் இருக்கும் பிள்ளை எங்காவது இருக்கும். அம்மாளிடம் போங்கள். ஆனால் அந்தப் பிள்ளையைத் திருத்தித் தா என்று கேட்டு என்னைப் போல வருசங்களை வீணாக்காதீர்கள். உங்கள் பிழையைச் சொல்லி அழுங்கள், அம்மாள் கேட்பாள்.

வரும் வைகாசியில் எங்கள் படலையில் நிறைகுடம் வைக்கப்போவது வீட்டுக்காரி. நான் பக்கத்தில் நின்று குரவை போடுவேன். வந்து பாருங்கள்!