ஸ்டீயரிங்கைக் கழற்றியது யார்?

அழகுக்காக என் பழைய பிக்கப் வண்டியின் உயரத்தைத் தாழ்த்தினேன், பிடித்தது சனியன். சாலையில் நேராகவே போகாது, இடமும் வலமுமாக அலையும். பினாங்கில் மூன்று பட்டறைகளில் சக்கர அலைன்மெண்ட் பார்த்தும் தீரவில்லை. எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

கடைசியில் பாலம் தாண்டி புக்கிட் மெர்தாஜாமுக்குப் போனேன். அங்கே பட்டறை நடத்தும் அக்கா ஸ்டீயரிங்கை முழுக்கச் சுற்றி எண்ணினார். இடப்பக்கம் ஒன்றரைச் சுற்று, வலப்பக்கம் இரண்டரை. இரண்டும் சமமாக இருக்க வேண்டுமாம்.

"யாரோ கழற்றி மாட்டியிருக்காங்க தம்பி. பார்வைக்கு நேரா இருக்கு, உள்ள கோணல். அப்புறம் எப்படிலா சரியா வரும்?"

கழற்றியவன் நான்தான். வண்டியைத் தாழ்த்திய அன்று ஸ்டீயரிங் கோணலாக நின்றது கண்ணை உறுத்தியது; வீட்டிலேயே கழற்றி நேராக மாட்டினேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"கடைசியா பார்த்த தண்ணீர்மலைப் பட்டறைக்காரர்தான்கா."

அவர் அக்காவுக்குத் தெரிந்தவராம். அக்கா உடனே போன் போட்டுத் திட்டினார். ஸ்பீக்கரில் அந்த மனிதர் தயங்கினார்.

"கழற்றுன ஞாபகமே இல்லியேக்கா... சரி, என் தப்பாத்தான் இருக்கும். அந்தத் தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க."

அக்கா ஸ்டீயரிங்கைச் சரியாக மாட்டிக் கொடுத்ததும், பணத்தைக் கட்டிவிட்டுக் கிளம்பினேன்.

இப்போது வண்டி நேராகத்தான் போகிறது. நான்தான் அந்தத் தண்ணீர்மலைப் பட்டறை இருக்கும் சாலையைத் தவிர்த்து, ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.