பாதி வளையம்

எம். புதுப்பட்டி ரோஜா குழாய் அடுக்கும் அழகைப் பார்க்க விருதுநகரில் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம், ரயிலை நான்தான் சேர்த்தேன். மற்றதெல்லாம் 2006 மே மாதம் என் எதிர்வீட்டு வாசலில் நடந்தது.

வெடிக்கான வெற்றுக் காகிதக் குழாய்களை இரும்பு வளையத்துக்குள் நெருக்கி அடுக்குவது அந்த வீட்டாரின் வேலை. தூக்கிப் பிடித்தால் ஒன்றுகூட உதிரக் கூடாது. அக்கா பொன்மணி அதில் படு கெட்டிக்காரி. தங்கை ரோஜா பாதி அடுக்குவதற்குள், "குடு இங்கன" என்று வாங்கி மீதியை முடித்துவிடுவாள். பாசம்தான். ஆனால் பதினாறு வயது வரை ரோஜா ஒரு வளையத்தைக்கூட முழுதாக முடித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் வரைபடத்தைப் பாதி வரைந்துவிட்டு, "நீயே முடிச்சிரு" என்று பக்கத்துப் பெண்ணிடம் நீட்டுகிற அளவுக்கு அது ஊறிப்போயிருந்தது. ஊர் அவளைப் 'பொன்மணி தங்கச்சி' என்றது. அவளும் தன்னை அதற்கு மேல் நினைக்கவில்லை.

கம்பெனி வேனோடு சரக்கெடுக்க வரும் பெத்தணன் ஒருநாள் கேட்டார்: "ஏம்மா குருவம்மா, ஒன் சின்ன மகளுக்குக் கை எதுக்கு? சோறு திங்க மட்டுமா?"

அம்மா சிரித்தாள். ரோஜா சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு காலி வளையத்தோடு தனியே போய் உட்கார்ந்தாள்.

"இத ஒருத்தரும் தொடக் கூடாது."

"வேன் வந்துரும்டி. குடு இங்கன."

"வரட்டும்."

"லோடு நின்னு போகும்."

"நிக்கட்டும்க்கா. ஒண்ணையாவது நான் முடிக்கலேன்னா, காலம்பூரா நீ முடிச்சு வைக்கிற பாதி ஆளாத்தான் கெடப்பேன்."

பொன்மணி கையை நீட்டினாள். ரோஜா வளையத்தின் மேல் கவிழ்ந்துகொண்டாள்.

வேன் வந்தது. தெருவே பார்க்க வளையத்தைத் தூக்கினாள். நடுக்குழாய்கள் பொலபொலவென உதிர்ந்தன. "நான் சொல்லல?" என்றார் பெத்தணன். ரோஜா எல்லாவற்றையும் பொறுக்கினாள், திரும்ப அடுக்கினாள், தலைக்கு மேல் தூக்கினாள். ஒன்றுகூட உதிரவில்லை. பெத்தணன் வாயடைத்துப் போனார்.

இதுவரை எழுதிப் பொன்மணிக்கே வாசித்துக் காட்டினேன். அவள் குறுக்கிட்டாள்:

"பாட்டி, ரெண்டாந் தடவையும் உதிர்ந்துச்சு. வேன் அந்த வளையம் இல்லாமத்தான் போச்சு. பெத்தணன் அண்ணாச்சி எங்க வாயடைச்சாரு, வஞ்சுக்கிட்டேல்ல போனாரு! மறுநாள் மத்தியானந்தான் ஒண்ணும் உதிராம நின்னுச்சு. அம்புட்டு நேரமும் என்னயத் தொடவே விடல அவ. அத எழுதுங்க."